செம்பருத்தி குடித்த வெள்ளம்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒன்று.
தீப்பெட்டிக்குள் பூவரசிலை மடித்து ஒன்று.
இருமல் மருந்துக் குப்பியைக் கழுவாமலே ஒன்று,
அதை மட்டும் திருப்பியனுப்பினேன்.
அங்கன்வாடிப் பிள்ளைகள் பதினேழு பேர்.
மூடியில் ஒட்டிய பிளாஸ்திரியில்
தங்கபாய் டீச்சரின் சாய்ந்த எழுத்து.

களியல் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள்
மழை விடாத வாரம்.
பால்வெட்டு இல்லாமல் அம்மாமார் வீட்டிலிருந்தார்கள்,
அதனால்தான் இத்தனையாவது வந்தது.

கண்ணாடிச் சில்லில் ஒரு துளி.
திருகைத் திருகத் திருக
மங்கலிலிருந்து எழுந்து வருகிறது
நாக்குப்பூச்சியின் முட்டை,
பழுத்த அயினிச்சக்கை நிறத்தில்
மேலெல்லாம் சொரசொரப்பாய்.
அழகாகத்தான் இருக்கிறது.
சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

எட்டுப் பேருக்குப் பூச்சி.
ஆறாம் எண் ஜெர்ஷாவுக்கு அதோடு நிற்கவில்லை.
மூத்திரத்தில் முக்கிய பட்டை
இரண்டு நிமிடத்தில் ஊதாவானது.
லென்சுக்கடியில் சீழணுக்கள்,
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
வயது நான்கு.

"மோளச் சொன்னா நிண்ணு அழுவா மேடம், எரியுதுண்ணு.
ராத்திரியானா பின்னால சொறிச்சல், கீரிப்பூச்சி.
வெள்ளமெல்லாம் நல்லாக் குடிப்பா,
குப்பி தெனமும் காலியாத்தான் வருது."

மழை வெறித்த புதன்கிழமை நானே போனேன்.
கக்கூஸ் கதவில் பூட்டு.
சாவி மெம்பர் வீட்டில்.
மெம்பர் தக்கலையில்.
திறந்தாலும் பெரியவர்களுக்கு வைத்த பீங்கான்,
கால் வைக்கும் இரண்டு மேட்டுக்கும் நடுவே
அவள் முழுசாய் உள்ளே போய்விடுவாள்.
பின்பக்கம் ரப்பர் மூடுகள், சருகு, அட்டை.
செருப்புகள் வாசலில் கிடந்தன.
பிள்ளைகள் வெறுங்காலோடு
சருகுக்குள் போய்வந்தார்கள்.

பத்தரை இருக்கும்.
ஜெர்ஷா படியிறங்கி வந்தாள்.
கூரைக்கடியில், மழை எட்டாத இடத்தில்
ஒரு செம்பருத்தி.
குப்பியைத் திறந்து அதன் மூட்டில் சாய்த்தாள்,
கடைசிச் சொட்டுவரை, அவசரமில்லாமல்,
மாதக் கடைசியில் கணக்கு முடிப்பவள் மாதிரி.
குடித்தால் வரும்.
வந்தால் எரியும்.
யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மொட்டுகளைக்கூட எண்ண முடியாதபடி
பூத்திருந்தது செடி.

டாக்டர் எழுதினார்: சிரப், ஏழு நாள்.
பூச்சி மாத்திரை, வீட்டிலுள்ள எல்லோருக்கும்.
நகம் வெட்டவும்.
நிறைய தண்ணீர் கொடுக்கவும் என்பதற்கு
இரண்டு அடிக்கோடு.
நான் பதிவேட்டில் எண்களை ஏற்றினேன்.
சாவிக்கு அதில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
மெம்பர் வீடு.
மேலதிகாரி வரும்போது அழித்துக்கொள்ளலாம்.

இப்போது மணி நாலு.
குலசேகரம் பஸ் வர இன்னும் அரைமணி.
இங்கே பெண்கள் கழிவறையில் மோட்டார் கெட்டு மூன்று வாரம்.
காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில்
மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில்
நிரம்பியபடியே நிற்கிறது.
வீட்டுக்குப் போனதும் மகள் தூக்கிப் பார்ப்பாள்,
குடிச்சியாம்மா என்பாள்.

ஜன்னலுக்கு வெளியே
ஏதாவது செடி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.