பங்குத் தாள்

லுசாக்கா. மட்டேரோ சமூகக்கூடம். சனிக்கிழமை.
மின்விசிறி உண்டு, மின்சாரம் பத்து மணிவரைதான்.
போன வாரம் மிசோசி
மேடை, விளக்கு, வானொலி என்று பேசுவாள் எனக் காத்திருந்தோம்.
வரி என்றாள்.
பாட்டு வரி என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன்.
வருமான வரி.

இந்த வாரம் ஒரு தாள், மூன்றே கட்டங்கள்:
யார், என்ன செய்தார், நூற்றுக்கு எத்தனை.
"கூட்டினால் நூறு வரணும். இன்னைக்கு அவ்வளவுதான் பாடம்"
என்று சொல்லிவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து
வேர்க்கடலை உடைக்கத் தொடங்கினாள்.

எங்களிடம் இருப்பது ஒரே பாட்டு.
ஜூனில் செய்தது. நாற்பத்தொரு முறை கேட்கப்பட்டிருக்கிறது,
அதில் ஒன்பது முறை நான்.

லுபிந்தா ஐம்பது போட்டான்:
"தாளத்தை எடுத்துட்டா அது வெறும் புலம்பல்."
சிசெங்காவும் ஐம்பது:
"குரலை எடுத்துட்டா பாத்திரம் விழுற சத்தம்."
நான் அறுபது. சொல் எல்லாம் என்னுடையது,
சோளமாவுப் பையைக் கிழித்து உட்புறத்தில் எழுதியது,
பை இன்னும் வீட்டில் இருக்கிறது, வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன்.
நூற்றறுபது ஆன பிறகுதான் கவனித்தோம்,
தோக்கோசிலேயின் கட்டம் காலி.

ஒலிப்பதிவுக்கு முந்நூறு குவாச்சா கொடுத்தவள்.
பேருந்து நிலையத்தில் ரீசார்ஜ் அட்டை விற்ற காசு.

"பணம் பாட்டு எழுதாது," என்றாள் மிசோசி, திரும்பாமல்.
"அது கடன். வேற தாள்ல எழுதுங்க. தேதி போடுங்க."
"அப்ப நான் வட்டிக்கடையா?"
யாரோ சிரித்தார்கள்.
நான்தான்.

அவள் என்னை மட்டும் பார்த்துப் பாடாமல் சொன்னாள்:
நிக்காத பஸ்ஸுக்குக் கை நீட்டி நீட்டி
என் தோளே ஒரு நிறுத்தமாச்சு.
பல்லவி.
லுபிந்தாவின் அம்மா துணி துவைக்கும்போது
முணுமுணுக்கும் ஒரே இடம்.
"இதை மொதல்ல சொன்னது யாரு?"

எனக்கு மறந்திருந்தால் எவ்வளவு வசதி.
மழை, அறுந்த வாரோடு கையில் செருப்பு,
கதவைக் காலால் தள்ளி உள்ளே வந்து
ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் அவள் திட்டியது,
திட்டுக்குள் அந்த ஒரு வாக்கியம்
தானாகவே தாளத்தில் விழுந்தது,
நான் அவசரமாக மாவுப் பையைத் தேடியது.
துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை, பையைத்தான் தேடினேன்.

எல்லாரும் பேசுறதுதானே, பேச்சு பாட்டாகுமா
என்று சொல்ல வாய் திறந்தேன்.
கடலை உடையும் சத்தம் நின்றது.

பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது.
அடித்துத் திருத்தினால்
பக்கத்தில் எல்லோரும் சுருக்கொப்பம் இட வேண்டுமாம்.
என் அறுபதின் மேல் ஒரு கோடு,
அதன் ஓரத்தில் நாலு பேர்.
எத்தனை வருடம் கழித்து யார் திறந்தாலும்
அந்தக் கோடு அங்கேயே இருக்கும்.

இருபத்தெட்டு, நான்.
முப்பது, லுபிந்தா.
பாடியதற்கு வேறு தாள் என்று கேட்டு முகம் சுருங்கிய சிசெங்கா
மெட்டு பாதி என் வாயில் வந்ததுதானே என்று இருபது வாங்கினான்.
தோக்கோசிலே இருபத்தொன்று.

மின்சாரம் போனது.
கைப்பேசி வெளிச்சத்தில் சிசெங்கா "ராஜா சிஸ்" என்று கையெழுத்திட்டான்.
"அடையாள அட்டையில உள்ள பேரு," என்றாள் மிசோசி.
அட்டை வந்து ஒரு மாதம்தான்.
எம்மானுவேல் என்று அவன் எழுத எழுத
யார் இந்த எம்மானுவேல் என்று பார்த்தோம்.

பதினெட்டு ஆகாததால் வீட்டிலும் ஒருவர் ஒப்பமிடணும்.
தோக்கோசிலே பேனாவை மூடினாள்.
அந்த முந்நூறு எங்கே போனதென்று
அவள் அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது.
மீதி ஒன்றை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்றாள்,
பிச்சை மாதிரி இருக்காம்.
லுபிந்தா நாணயத்தைச் சுண்டினான்.
அது இருட்டில் உருண்டு அலமாரிக்கு அடியில் போய் நின்றது.
நாலு பேரும் தரையில் படுத்தோம்,
கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு.