தயிர்க்கட்டு

ஆக்ஸ்பர்கில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே
எங்கள் வகுப்பு.
கீழே பிரேக் கிறீச்சிடும்;
மேலே மூச்சை இழுப்போம்,
ரப்பர் வாசத்தையும் சேர்த்து.

பதினோரு பேர்.
ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி,
வேலை போன வங்கி எழுத்தர்,
எந்நேரமும் கொட்டாவி விடும் இரட்டைக் குழந்தைகளின் அப்பா.
நான், ஹெடா.
பதினாறு வருடம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள்,
முக்கால்வாசியும் இரவுப் பணி.
தூக்கம் என்னை விட்டுப் போன குளிர்காலத்தில்
யாரோ சொன்னார்கள்,
வெறுங்காலோடு பனியில் நடந்து பார் என்று.
நடந்தேன். தூக்கம் வந்தது.
காரணம் தெரியாமல் கிடைத்த நன்மை
கடன் மாதிரி உறுத்தும் எனக்கு.
பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

மூலிகை சொல்லித் தருவார்கள் என்று வந்தால்
முதல் மாதம் முழுக்க எலும்பு.
அடுத்த மாதம்
நாங்கள் தொடவே கூடாத நோய்களின் பட்டியல்:
காலரா, தட்டம்மை, தொண்டை அடைப்பான்.
சட்டம் நம் கையைப் பின்னால் கட்டிவிடும் பெயர்கள்.
பாத்திரம் கழுவிக்கொண்டே ஒப்பிப்பேன்.
எக்பெர்ட் கேட்டான்:
"இதுதான் அந்த மந்திரமா?"

வியாழக்கிழமை தண்ணீர்ப் பாடம்.
பூங்காவில் முழங்கால் ஆழத் தொட்டி.
நாரை நடை பழகவேண்டும்:
ஒவ்வோர் அடிக்கும் பாதம்
தண்ணீரை விட்டு முழுதாக மேலே வரவேண்டும்.
நாயோடு போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள்,
நாயும்.
முதலில் வலி, பிறகு எரிச்சல்,
கரையேறி நடந்தால்
எங்கோ உள்ளே அடுப்பு பற்றியது போல
ஒரு வெதுவெதுப்பு.
அதற்கு நான் விறகு எதுவும் வைக்கவில்லை.

மார்ச் மாதம்.
தேர்வுக்குப் பத்து நாள்.
மேல்மாடி ஸில்மான் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார்.
மகள் வீட்டிலிருந்து
பதினான்கு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்தே வந்தாராம்,
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம்.
"நீதான் வைத்தியம் படிக்கிறாயே,
அந்தத் தயிர்க்கட்டு ஒன்று போட்டுவிடேன்."

எவ்வளவு சந்தோஷம் எனக்கு!
லினன் துணியை விரித்தேன்,
கட்டித் தயிரை விரல் கனத்துக்குப் பூசினேன்,
ஓரம்கூடப் பிசகாமல்.
பிறகு, படித்த பழக்கம்,
தையல் டேப்பை எடுத்தேன்.

இடது, முப்பத்தெட்டு.
வலது, நாற்பத்தொன்றரை.
மறுபடி அளந்தேன்.
டேப்புக்கு இரக்கமில்லை.
தோல் மினுமினுத்தது, சுட்டது.
அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்,
என் காப்பிக் கறை படிந்த பக்கம்.
ரத்தம் உள்ளே உறைந்திருக்கலாம்,
உறைந்தது நுரையீரலுக்குப் புறப்படலாம்.

"எழுந்திருக்காதீர்கள்" என்றேன்.
ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.
"ஒரு தயிர் வைக்க உனக்குத் தைரியமில்லையா?"
என் முதல் நோயாளி
ஸ்ட்ரெச்சரில், கோபமாக,
என் வாசலைக் கடந்து போனார்.

துணியில் தயிர் அப்படியே இருந்தது.
கரண்டியால் வழித்து
அவித்த உருளைக்கிழங்கோடு தின்றோம்.
எக்பெர்ட் உப்பு போதாது என்றான்.
என் கை அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது.

தேர்வு எழுதினேன்.
முடிவு இன்னும் தபாலில் வரவில்லை.

ஸில்மானைப் படிக்கட்டில் பார்த்தேன்,
இறுக்கமான காலுறை, கையில் மாத்திரைப் பை.
"நீ ஒன்றுமே செய்யவில்லையே" என்றார்.
குற்றமாகச் சொன்னாரா வேறெதாகவா,
கேட்கவில்லை.
அவர் ஒவ்வொரு படியாக ஏறினார்,
பாதத்தை முழுதாகத் தூக்கி.

இன்று வகுப்பின் கடைசிக் கால் மணி.
மல்லாந்து கிடக்கிறோம்,
உள்ளங்கை கூரையைப் பார்க்க.
இரட்டையரின் அப்பா குறட்டை விடுகிறார்.
கீழே யாரோ
ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டிருக்கிறார்கள்;
கோணல் இருக்கிறதா என்று பார்க்க
கையை எடுத்துவிட்டு நிற்கிறார்கள் போலும்.
டிக் டிக் டிக் என்று
அது தன் பாட்டுக்கு
மெதுவாகிறது.