விளக்கக் கடிதம், இங்கிலீஷுக்கு முன்

ஷமீர் சார்,
நீங்கள் கேட்ட பதிலை
ஷைனி நாளை இங்கிலீஷில் டைப் அடித்துத் தருவாள்.
நான்கே வரி.
இது அதற்கு முந்தியது.

செவ்வாய்க்கிழமை, இரண்டு நாற்பது.
அபு ஷகாராவில் மூன்றாவது நிறுத்தம்.
தார் காலில் ஒட்டுகிற வெயில்.
முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸிலிருந்து
ஈத்தன் இறங்கினான், இரண்டாம் வகுப்பு.
எதிர்ப்பக்கம் அவன் அம்மாவின் கார்.
வலப்பக்கம் தண்ணீர் லாரி.

ஓடப்போகிறது முகத்தில் தெரியாது சார்,
குதிகாலில் தெரியும்.
குதிகால் தரையை விடும் அந்த அரை நொடிக்காகப்
பதினோரு வருஷம் குனிந்து நின்றவள் நான்.
இடது கார்னர்.
என் மணிக்கட்டைப் பிடித்தபடி காளீஸ்வரி நிற்பாள்.
அவள் விரல் இறுகினால் போ,
தளர்ந்தால் பொறு.
பாடி வருகிறவள் எதிராளி;
நாங்கள் ஏழு பேரும் வாய் திறக்காமல்தான் பேசிக்கொள்வோம்.

அன்றைக்கு என் மணிக்கட்டில் யாரும் இல்லை.
இருந்தும் இறுகியது.

விழுந்தேன்.
இரண்டு கைக்குள்ளும் ஒரு சின்னக் கணுக்கால்,
நீலக் காலுறை, அதில் ஒரு திமிங்கிலம்.
லாரியின் ஹார்ன் எங்களைத் தாண்டி நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது.

அவன் அம்மா எழுதியதெல்லாம் உண்மை.
முட்டி உரிந்தது. உதடு வீங்கியது.
"பிள்ளை அலறியும் விடவில்லை" என்பதும் உண்மை.
விசில் வரும்வரை விடக்கூடாது சார்.
ஊத அங்கே ஆள் இல்லை.
டிரைவர் குல் ஜமான்தான் வந்து
என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.
சுண்டுவிரல் மட்டும் வரவில்லை.
நாமக்கல்லில் ஒரு அரையிறுதியில் வளைந்தது,
அப்புறம் எதற்கும் நிமிரவில்லை.

மற்றவர்கள் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை.
மரிய புஷ்பத்துக்கு மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு
குனிய முடியவில்லையாம், சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.
காளீஸ்வரி ரயில்வேயில், டிக்கெட் கவுன்டரில்.
கோட்டாவில் இருந்தது ஒரே இடம்.
இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம்.
திரும்பும்போது
ஜன்னல் சீட்டை அவள் எனக்குத் தந்தாள்.

களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ
மிஞ்சி நிற்கையில் பிடித்தால்
ஒன்றல்ல, இரண்டு புள்ளி.
தனியாக நிற்கிறவளுக்கு ஆட்டம் காட்டுகிற இரக்கம்.
ஷார்ஜாவில் அந்த விதி உண்டா தெரியாது.
சம்பளத்தில் பிடிப்பதானால் பிடியுங்கள்.
பிடிக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வராது.

சேரும்போது நிரப்பிய படிவத்தில்
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
தவறு என்றால் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
மு. இசக்கியம்மாள்,
பஸ் உதவியாளர்.

பி.கு.: முட்டிக்குத் தடவிய மருந்து என்னுடையது.
பாதி ட்யூப் மிச்சமிருக்கிறது.
அவன் அம்மா கேட்டால்
பையில் வைத்து அனுப்புகிறேன்.