அலைகரைக் கணக்கு

மாசிக் கடைசியில் தண்ணீர் இறங்கிவிடும்
வெட்டுக்குருந்தன் குளத்தில்.
அது விட்டுப்போன சேற்றில்
முழங்காலூன்றிக் குனிந்தால் மட்டும் தெரியும்
ஈரற்பாசி, இரண்டு சாதி.

ஒன்று வட்டமாய்ப் படரும்,
ஐந்து ரூபாக் குற்றி அளவில்.
நுனி இரண்டாய்ப் பிரிந்து
பிரிந்ததும் பிறகு இரண்டாய்ப் பிரிந்து...
வயல் வரம்பு, மாட்டுக் குளம்படிக் குழி,
நெடுங்கேணி பஸ் நிற்கிற பைப்படி,
எங்கேயும் வரும்.

மற்றது
சின்னி விரல் நகத்தில் பாதி.
ஓரம் நாவற்பழம் தின்ற உதடு.
வெயில் ஏறினால் இரு கரையையும் மடித்து
கறுத்த அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.
எரிந்த கடதாசித் துண்டாக்கும் என்று
நானே இரண்டு தரம் தாண்டிப் போயிருக்கிறேன்.

கம்பஸிலிருந்து வருகிற அனுசூயா மிஸ்
ஒரு மீற்றர்ச் சட்டத்தை நிலத்தில் வைத்து
"எண்ணுங்கோ அக்கா" என்பா.
எனக்குப் பழகின அளவு அது.
ஒரு மீற்றர், முழங்கால், சின்னக் கரண்டி.
முகத்தில் கண்ணாடி மறைப்பு மட்டும் இப்போது இல்லை.
இதே அலைகரையில் நாலு வருசம்
மிதிவெடி கிளறினவள் நான்.
பச்சையாய்க் கண்டதையெல்லாம்
சுரண்டி ஒரு பக்கம் எறிந்தேன்.
அதுக்கும் பெயர் இருக்குமென்று ஆர் கண்டது.

சிவப்புத் தடிகள் நின்ற காலம்
எருமை இறங்கவில்லை, உழவு மெசின் இறங்கவில்லை.
மண்டையோட்டுப் படத்தைப் பார்த்து
வலைக்காரரும் சுற்றித்தான் போனார்கள்.
அந்த ஆளில்லா மண்ணில்
மாரிக்கு மாரி
சின்னது பெருகியிருக்க வேண்டும்.
பிறகு நாங்கள் துப்புரவாக்கி
கையெழுத்து வைத்து
நிலத்தைக் கொடுத்தோம்.
கச்சான் போட்டார்கள். பூசணி போட்டார்கள்.
பிழையென்று சொல்ல மாட்டேன்.
திலகேஸ்வரியின் பெடியன்
இப்போது அதால் ஓடித்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

மிஸ்ஸின் படிவத்தில்
பெரியதற்கு நேரே: கவலை குறைவு.
சின்னதற்கு நேரே: தரவு போதாது.
"அப்ப அழியுதோ?"
"அப்பிடிச் சொல்லவும் ஏலாது அக்கா.
முந்தி எவ்வளவு இருந்ததெண்டு
ஒருத்தரும் எண்ணேல்லை."

எண்ணினோம்.
ஒவ்வொரு சதுரத்துக்கும் எங்கள் பதிவேட்டில்
திகதி உண்டு, ஆழம் உண்டு,
வெடியின் இலக்கம் உண்டு.
மேலே என்ன முளைத்திருந்ததென்று கேட்க
அந்தத் தாளில் ஒரு கோடு இல்லை.

இன்றைக்குப் பெரியது இருநூற்றுப் பன்னிரண்டு,
அதோடு விட்டுவிட்டேன்.
சின்னது ஒன்பது.
அதில் ஒன்று குளம்படிக் குழியின் விளிம்பில்
பாதி உள்ளே சரிந்து.
மிஸ் படம் எடுக்கப் போன நேரம்
கை தன்பாட்டில் ஒரு தடியை முறித்து
பக்கத்தில் ஊன்றியது,
மருந்துப் பெட்டியின் சிவப்பு நாடாவைச் சுற்றி.

குளக்கட்டில் எருமைகளோடு வந்த மார்க்கண்டர்
நாடாவைக் கண்டு நின்றுவிட்டார்.
"பிள்ளை, இன்னும் கிடக்குதோ?"

"கிடக்கு" என்றேன்.
"ஒன்பது."

அவர் மந்தையைத் திருப்பினார்.