ஒன்பதாவது விளக்கு

"மூன்றாம் மாடியில்
ஒன்பதாவது டியூப்லைட் கத்துகிறது."
துண்டில் எழுதி நீட்டினாள் ருஷ்தா.
போய் நின்று பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

படிவம் நிரப்பச் சொன்னேன்.
மருத்துவர் ஒப்பம், சிங்களத்தில் ஒரு பிரதி,
'குறைபாடு' என்றொரு கட்டம்.
கட்டத்துக்குள் அவள் எழுதியது:
விளக்கில்.

கோப்பு மேலே போய்க்கொண்டிருக்கிறது.
லிஃப்ட் பழுது,
படியேறித்தான் போகவேண்டும் அதுவும்.

நேற்று மழை.
தேர்ஸ்டன் வீதி முழுக்க ஹோர்ன்.
கதிரையில் ஏறி
ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
காதிலிருந்து கையை எடுத்தாள்.
கொஞ்ச நேரத்தில்
ஒரு பக்கம் புரண்டது.

இரவு, வெள்ளவத்தை அறையில்
இடியப்பப் பார்சலைப் பிரித்துவிட்டு
அண்ணாந்து பார்த்தபடி இருக்கிறேன்.
இரைகிறது.
இத்தனை வருஷமாகவா?