இரண்டு கமா

கிளாஸ் என்று எழுதினால்
வகுப்பும் அதுதான், டீ வரும் கண்ணாடியும் அதுதான்,
வாக்கியத்தின் உள்துண்டும் அதுதான்.
தமிழில் தட்டச்சு அடிப்பவளுக்கு
மூன்றுக்கும் ஒரே விரல்கள்.

திருத்துறைப்பூண்டி கூட்டுறவுச் சங்கத்தில்
கரண்ட் இல்லாத மதியங்களில்
துறைத்தேர்வுக்கு மூன்றாம் முறையாகப் படிக்கிறேன்.
தனித்து நிற்கும் கிளாஸ். சார்ந்து நிற்கும் கிளாஸ்.
'மழை பெய்ததால்' என்று மட்டும் சொல்லிவிட்டு
எழுந்து போக முடியாதாம்.
தை பிறந்து நான்காம் நாள்
கதிரெல்லாம் சேற்றில் படுத்தபோது
இந்த வட்டாரம் முழுக்க
அந்தப் பாதி வாக்கியத்தோடுதான் நின்றது.

ஆங்கிலம் வினையைத் தலைமடையிலேயே வாங்கிவிடுகிறது.
நமக்கு எல்லா எச்சத்தையும் தாண்டிக்
கடைசியில் வர வேண்டும் வினை,
உம்பளச்சேரிப் பக்கம் தண்ணீர் போல,
வந்தால்.

இன்று காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம்.
செயலாளர் தனராசு பச்சை மையில் எழுதிய வரைவு.
நவம்பர் பதினைந்துக்கு முன் நட்ட விவசாயிகள்
இழப்பீடு பெறத் தகுதியானவர்கள்.
ஆங்கிலத்தில், ஹூ போட்டு,
கமா போடாமல்.

கைடு, எண்பத்து மூன்றாம் பக்கம்:
கமா இல்லாத ஹூ, வேலி.
உள்ளே நிற்பவர்களை மட்டும் எண்ணும்.
இருபுறமும் கமா விழுந்த ஹூ
உபரிச் செய்தி.
உருவிவிட்டாலும் வாக்கியம் சாயாது,
விவசாயிகள் அத்தனை பேரும் மிஞ்சுவார்கள்.

டீ ஆறிப்போனது.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்: நட்ட விவசாயிகள்.
நம் பெயரெச்சத்துக்கு வேலியும் தெரியாது
வேலியில்லாமையும் தெரியாது.
யாரைச் சொல்கிறாய் என்றால்
ஊரைக் கேள் என்கிறது.

உத்திராபதி நட்டது இருபத்தொன்றாம் தேதி.
வாய்க்காலில் தண்ணீர் ஏறியது
இருபதாம் தேதி ராத்திரி.
முந்தி வந்திருந்தால் முந்தி நட்டிருப்பார்.
இதற்கும் கைடில் இடம் உண்டு,
நடக்காததை நடந்ததாக வைத்து எழுதும் நிபந்தனை,
இஃப்புக்குப் பின்னால் ஹேட் வரும்,
ஒரு மார்க்.

கமா, வரப்பில் நண்டு வளை மாதிரி.
பார்த்தால் தெரியாது.
விடிந்து பார்த்தால்
மேட்டு வயல் தண்ணீர் பள்ளத்தில் நிற்கும்.
யாரைப் பிடிப்பது, நண்டையா?
ஒன்று போட்டால் பிழை.
இரண்டு போட்டால் இலக்கணம்.

தனராசு கையெழுத்துப் போடும்போது
கிளாஸைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

மும்பையில் யாரோ பிரிப்பார்கள்.
கைடு படித்தவராக இருந்தால்
வளையை மிதித்து அடைத்துவிடவும் கூடும்.

சாயங்காலம் உத்திராபதி
சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றி,
"நம்ம பேரு வருங்களா?" என்றார்.
"கடுதாசி போயி, அவங்க படிச்சு,
சரின்னு பட்டு, மேல எழுதி,
பணம் ஒதுக்கினா..."
என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.
அவர் ஊன்றிய காலை எடுக்கவில்லை.
வினைக்காக நின்றார்.