பதிவில் உள்ளபடி

மேட்டுக் கோவில் ஆபீசில் மூன்று பீரோ.
ஒன்றில் ஞானஸ்நானம், ஒன்றில் விவாகம்,
சுவரோரம் துருப்பிடித்ததில் அடக்கம்.
குன்னூரில் மழை ஐந்து மாசம் என்றால்
காகிதத்துக்கு அது ஏழு.
கும்முட்டி அனலில் காட்டித்தான் பக்கம் பிரிப்பேன்,
அப்பளம் சுடுகிற கவனத்தில்.
தோல் அட்டைக்குள்ளிருந்து வெள்ளியாய் ஒன்று ஓடும்.
ராமபாணம் என்று அதற்குப் பெயர்,
எந்தச் சாமியின் தாளானாலும் தின்னும்.

கடிதங்கள் பெரும்பாலும் கடல் தாண்டி வரும்.
எங்கள் முப்பாட்டனார், தோராயமாக இந்த வருஷம்,
தயவுசெய்து தேடிப் பார்க்கவும்.
தேடுகூலி பதிவுக்கு இருநூறு ரூபாய்.
சிலர் கல்லறைப் படமும் கேட்பார்கள்.
காட்டெருமை எழுந்து போனால் எடுத்து அனுப்புவேன்.
போன மாசம் ஒரு மேஜரின் தலைமாட்டில்
மூன்று நாள் படுத்திருந்தது.
கன்று போட்டிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை டோர்செட்டிலிருந்து ஹில்டா பெர்கின்ஸ்.
எழுபத்தெட்டு வயசு. கை நடுக்கம் மையில் தெரிகிறது.
அவருடைய தாத்தா ஆர்தர் எட்வின்
இந்த மலையில் பிறந்தவர், ஏழு வயசில் கப்பலேறியவர்,
தாயைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்காதவர்.
சளி பிடித்தால் மட்டும்
வெந்நீரில் மிளகு தட்டிப் போடச் சொல்வாராம்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது,
இரண்டாம் புத்தகம், நாற்பத்தொன்றாம் எண்.
பெயர் இருக்கிறது. தேதி இருக்கிறது.
தகப்பன் ஜார்ஜ் பெர்கின்ஸ், காப்பித் தோட்டம்,
ஃபெர்ன்டேல் பங்களா.
தாய் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

மை இழுபட்டதோ என்று பூதக்கண்ணாடி வைத்தேன்.
இல்லை.
அடிக்கோல் பிடித்துப் போட்ட கோடு.
இரண்டு முனையிலும் பேனா நின்று நிதானித்திருக்கிறது.
அந்தப் பாதிரியார் எதையும் விட்டுவிடுகிறவர் அல்ல.
மழை பெய்த ஞாயிறுகளை ஓரத்தில் குறித்தவர்,
யாரோ துரையின் நாய்
பிரசங்கத்தில் குறைத்ததைக்கூட.

சான்றிதழில் அச்சடித்த வாசகம்:
பதிவில் உள்ளபடி மெய்யான நகல்.
அப்படியானால் கோட்டையும் நகலெடுக்க வேண்டும்.
எடுத்தேன்.
என் அடிக்கோல் பிளாஸ்டிக், பையனுடையது,
ஓரமெல்லாம் பல்தடம்.

கண் சும்மா இருக்குமா.
கீழே நாற்பத்திரண்டு.
அதே ஞாயிறு, அதே தண்ணீர்.
வயது வந்த பெண், சுமார் இருபத்திரண்டு.
தொழில் ஆயா.
இருப்பிடம் ஃபெர்ன்டேல் பங்களா.
பெயர் தொற்காள்.
அதற்கு முந்தைய பெயரைக் கேட்க
அந்தப் புத்தகத்தில் கட்டமே அடிக்கவில்லை.

இரண்டு வரிக்கும் நடுவில் நூலிழை இடம்.
அதில் நான் எதுவும் எழுதக் கூடாது.
ஊகத்துக்கு முத்திரை குத்த முடியாது என்பார் ஆயர்.
அவர் சொல்வதும் சரிதான்.
பங்களாவில் இன்னும் நாலு பெண்கள் இருந்திருக்கலாம்.
ஆயா வெறும் ஆயாவாகவே இருந்திருக்கலாம்.
பிள்ளையை ஏந்தி நின்ற கை
கூடவே நனைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில், கூலியில்லாமல்,
அடக்கப் புத்தகத்தில் நாற்பது வருஷம் புரட்டினேன்.
தொற்காள் இல்லை.
வேறு மலையில் செத்திருப்பாள்.
அல்லது கப்பல் போன மறுநாளே
பழைய பெயருக்குத் திரும்பியிருப்பாள்,
அந்தப் பெயரில் அவளை எனக்குத் தேடத் தெரியாது.

உறையை ஒட்டுமுன் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்:
அம்மா, நாற்பத்திரண்டாம் எண்ணையும் கேட்டு எழுதுங்கள்.
கட்டணம் தனி.

சித்திரையில் அனுப்பியது. இது ஐப்பசி.
பர்லியாறில் மண் சரிந்து தபால் தாமதம் என்கிறார் போஸ்ட்மேன்.
ஆறு மாசமாகவா சரியும்?

புத்தகத்தைப் பீரோவில் வைக்கும்போது
அந்தப் பக்கத்தோரம் மட்டும்
பாச்சை உருண்டை ஒன்று கூடுதலாக வைத்தேன்.